சீப்பு பட்டாலே வலிக்கும் தலை

50 வயதைத் தாண்டிய ஒருவர், இதுவரை இல்லாத மாதிரி ஒரு தலைவலி புதிதாக வந்திருக்கிறது என்று சொன்னால், நான் கேட்கும் கேள்விகள் கேட்பவருக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். தலை சீவும்போது வலிக்கிறதா? அந்தப் பக்கமாகத் தலையணையில் சாய்ந்து படுக்க முடிகிறதா? சப்பாத்தியை மெல்லும்போது நாலு வாய்க்கு மேல் தாடை ஓய்ந்துபோய் வலித்து, மெல்லுவதை நிறுத்தினால் வலி விடுகிறதா? காலையில் எழுந்ததும் கையைத் தோளுக்கு மேலே தூக்க வருகிறதா? கண்ணில் எப்போதாவது திடீரென்று இருட்டி, பிறகு தானாகத் தெளிந்ததா?

கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

நான் டாக்டர் இல்லை. மும்பையில் சயான் ஸ்டேஷனுக்கும் தாராவி 90 அடி ரோட்டுக்கும் நடுவே ஒரு சின்ன பெத்தாலஜி லேபில் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, குழாயில் ஊற்றுவது, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, ரிப்போர்ட் அடிப்பது என்று என் நாள் போகிறது. எங்கள் லேபுக்கு வரும் வயதானவர்களில் பாதிப்பேர் நம்ம ஊர்க்காரர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் வந்தவர்கள். அவர்கள் டாக்டரிடம் சொல்லாத பல விஷயங்களை, ஊசி குத்தும் அந்த நேரத்தில் என்னிடம் சொல்வார்கள். ரத்தக்குழாய் அழற்சி, அதாவது வாஸ்குலைட்டிஸ், பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படி வந்தது. மீதி என் பெரியம்மாவால் வந்தது.

பெரியம்மாவின் பிழைப்பு இட்லி. தாராவியில் விடியும் முன்னே அவித்து, அண்டாவில் அடுக்கி, மும்பையின் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்கும் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சும்மாடு வைத்து ஆண்டுக்கணக்காகச் சுமந்த தலை. அதனால் 70 வயதுக்கு மேல் அவருக்குத் தோள் வலி வந்தபோது யாருக்கும் ஆச்சரியமில்லை. காலையில் எழுந்தால் இரண்டு தோளும் இடுப்பும் இறுகிக் கிடக்கும். ஜாக்கெட் போட மதினி கூட நிற்க வேண்டும். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். "தூக்கித் தூக்கித் தேஞ்ச தோளு" என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக்கொடுத்தார்கள்.

தேய்மானத்துக்கு இந்தப் போக்கு கிடையாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். தேய்ந்த மூட்டு பொதுவாக வேலை செய்யச் செய்ய வலிக்கும், ஓய்வெடுத்தால் அடங்கும். இது நேர்மாறு. படுத்திருந்து எழும்போதுதான் மோசம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், சில வாரங்களிலேயே பிடித்துக்கொள்ளும். பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்று இதற்குப் பெயர். இது வந்தவர்களில் சிலருக்கு, கூடவே தலைக்குப் போகும் தமனிகளிலும் அழற்சி இருக்கும். அந்தத் தமனி நோய்தான் ஜெயன்ட் செல் ஆர்டிரைட்டிஸ். அந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்தத் தோள், இடுப்பு இறுக்கமும் உண்டு. 50 வயதுக்குக் கீழே கிட்டத்தட்ட வராது, 70களில்தான் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு.

பெரியம்மாவுக்கு அடுத்து வந்தது நெற்றிப்பொட்டில் வலி. "ஏட்டி, சீப்பு பட்டாலே உசுரு போவுது. முடி வலிக்கா, மண்ட வலிக்கான்னே தெரியல" என்றார். எண்ணெய் தேய்த்துவிட வந்த மதினியின் கையைத் தட்டிவிட்டார். உடம்பு இளைத்தது. சாயங்காலமானால் லேசான காய்ச்சல். அப்போது மழைக்காலம். மும்பையில் ஜூலை, ஆகஸ்டில் காய்ச்சல் என்றால் மலேரியா, டெங்கு, லெப்டோ (எலிக்காய்ச்சல்) என்ற வரிசை எல்லாருக்கும் மனப்பாடம். எங்கள் பகுதியில் இளைப்பும் காய்ச்சலும் சேர்ந்தால் டிபி என்ற நினைப்பு தானாக வரும். எல்லாமே நியாயமான சந்தேகங்கள்தான், பார்க்கத்தான் வேண்டும். மலேரியா ஸ்லைடு, டெங்கு, எக்ஸ்ரே, சளி எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றிலும் எதுவும் இல்லை.

ஆனால் ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி ரிப்போர்ட்டில் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் எங்கள் லேபில் எல்லாருடைய கண்ணும் பிளேட்லெட் குறைகிறதா என்றே பார்க்கும். பெரியம்மாவுக்கு அது ஏறியிருந்தது. மேல்வரம்பான நாலு, நாலரை லட்சத்தையும் தாண்டி. ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது. இஎஸ்ஆர் நூறுக்கு மேல்.

இஎஸ்ஆர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை. என் கையால் தினமும் செய்வது அது. ரத்தத்தில் சிட்ரேட் கலந்து, 200 மில்லிமீட்டர் அளவு குறித்த மெல்லிய குழாயில் ஏற்றி, செங்குத்தாக நிறுத்திவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்பதே கணக்கு. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் வெஸ்டர்கிரென் 1921-ல் விவரித்த முறை இது. நூறு ஆண்டு கடந்தும் நிற்கிறது. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடும். அப்போது சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காசு அடுக்கிய மாதிரி ஒட்டிக்கொள்ளும், எடை கூடி வேகமாக இறங்கும். வயது ஏறினால் எண்ணும் கொஞ்சம் ஏறுவது இயல்பு: ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதி என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி 72 வயதுப் பெண்ணுக்கு 41 வரை பொறுக்கலாம். நூறு என்றால் உடம்பு எதையோ சொல்கிறது.

எதைச் சொல்கிறது என்பதை அந்தக் குழாய் சொல்லாது. டிபியிலும் ஏறும், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயிலும் ஏறும், ரத்தசோகையிலேயே ஏறும். கூடவே சிஆர்பி என்ற இன்னொரு அழற்சி டெஸ்டும் பார்த்தால் நம்பிக்கை கூடும். ஜெயன்ட் செல் ஆர்டிரைட்டிஸில் சிலருக்கு இஎஸ்ஆர் சாதாரணமாக இருப்பதுண்டு. இரண்டுமே சாதாரணமாக இருப்பது அபூர்வம். ஆகவே எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக வலியைத் தள்ளிவிடக் கூடாது. எண் மோசமாக இருக்கிறது என்பதற்காக அதையே நோய் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இஎஸ்ஆர் ரிப்போர்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "ரத்தத்தில் இன்ஃபெக்ஷன்" என்று ஆன்டிபயாட்டிக் விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது.

பெரியம்மாவின் நோயைக் கண்டுபிடித்தது ஒரு கேள்வி. மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, அவர் பல்லைப் பார்த்து, "வெற்றிலை போடுவீர்களா?" என்று கேட்டார். நான் இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொன்னேன். "விட்டுட்டேன்" என்றார் பெரியம்மா. வாழ்நாள் முழுக்கப் போட்ட வெற்றிலையை அவர் விட்டதில் வீட்டில் எல்லாருக்கும் பெரிய சந்தோஷம். ஏன் விட்டார் என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. டாக்டரம்மா கேட்டார். "ரெண்டு மெல்லு மெல்லுமுன்ன தாடை அசந்து போவுது. செத்த நேரம் சும்மா இருந்தா சரியாவுது."

மெல்லும் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்கியிருப்பதன் அடையாளம் அது. உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கும் ரத்தம், மெல்லும்போது போதாது. இந்த நோய்க்கு இதைவிடத் தெளிவான அறிகுறி அதிகம் இல்லை. ஆனால் தாடை வலி என்றால் குடும்பம் பல் டாக்டரிடம்தான் கூட்டிப்போகும். குற்றமில்லாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

டாக்டரம்மா நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தார். என் விரலையும் வைத்துக் காட்டினார். தமனி கயிறாகத் தடித்துத் தெரிந்தது, துடிப்பு இல்லை. இரண்டு கையிலும் பிபி எடுத்தார். தோளுக்கும் கைக்கும் போகும் பெரிய தமனிகளிலும் இது வரும், வந்தால் இரண்டு கை அளவும் வேறுபடும். கடைசியாகக் கண்ணைப் பற்றிக் கேட்டார். பெரியம்மா ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "நேத்து வலது கண்ணுல கறுப்பா ஒரு திரை எறங்கிச்சு. பொறவு தன்னால போச்சு." அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் நிதானமாக இல்லை.

காரணம் இதுதான். கண் நரம்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் தருபவை மிகச் சிறிய தமனிகள். அழற்சியால் குழாயின் சுவர் வீங்கி உள்வழி அடைபட்டால், அந்த நரம்பு பட்டினியில் செத்துவிடும். செத்த நரம்பு திரும்பாது. சிகிச்சை இல்லாவிட்டால் மற்றக் கண்ணும் நாட்களில், வாரங்களில் போகலாம். பெரியம்மாவுக்கு வந்த அந்தத் திரை ஒரு முன்னெச்சரிக்கை. எல்லாருக்கும் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. மாட்டுங்காவில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தாத்தா, ஓய்வுபெற்ற கணக்கர். தலைவலியும் மங்கலும் கண்ணாடிப் பவர் மாறியதால் வந்தவை என்று கடையில் புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி வருவதற்குள் ஒரு காலையில் ஒரு கண் முழுக்க இருட்டாக எழுந்தார். அந்தக் கண் வரவில்லை. மற்றதைக் காப்பாற்றினார்கள்.

பெரியம்மாவை அன்றைக்கே சேர்த்து, நரம்பு வழியாக மெத்தில்பிரட்னிசலோன் ஏற்றினார்கள். கண்ணுக்கு ஆபத்து என்றால் நாளுக்கு 500 மில்லிகிராம் முதல் ஒரு கிராம் வரை மூன்று நாள் கொடுப்பது வழக்கம். கண்ணில் தொந்தரவு இல்லாதவர்களுக்கு மாத்திரையாகவே, தினம் 40 முதல் 60 மில்லிகிராம் பிரட்னிசலோன். பயாப்ஸி அதன் பிறகுதான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல குடும்பங்கள் "முதல்ல டெஸ்ட் முடியட்டும், அப்புறம் ஸ்டீராய்டு" என்று அடம்பிடிக்கின்றன. நெற்றிப்பொட்டுத் தமனியில் ஒரு சின்னத் துண்டை, குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது, மரக்கவைத்து எடுப்பார்கள். அழற்சி விட்டுவிட்டு இருக்கும் என்பதால் துண்டு சிறிதானால் நோய் தப்பிவிடும். ஸ்டீராய்டு தொடங்கி இரண்டு வாரம் வரைகூட அடையாளம் அழியாது. ஆகவே காத்திருக்கக் காரணமே இல்லை. தமனியை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் சுவரைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும்; 1997-லேயே வெளியான கண்டுபிடிப்பு அது. ஆனால் அந்த வளையம் மருந்து போனதும் சீக்கிரம் மங்கிவிடும், பார்க்கத் தெரிந்த கையும் வேண்டும்.

முதல் டோஸ் போன மறுநாளே பெரியம்மாவின் தலைவலி பாதியானது. அடுத்த சில நாட்களில் யார் உதவியும் இல்லாமல் ஜாக்கெட் போட்டுக்கொண்டார். இந்த நோயில் மருந்து இப்படித்தான் வேலை செய்யும்.

இந்த நோய் ஏன் இங்கே தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது என்று யோசித்திருக்கிறேன். ஸ்காண்டிநேவிய நாடுகளில்தான் இது மிக அதிகம். நம் நாட்டில் ரத்தக்குழாய் அழற்சி என்றால் இளம்பெண்களுக்கு வரும் தகாயாசு நோயே டாக்டர்களின் நினைவுக்கு முதலில் வரும். 1908-ல் அதை விவரித்தவரும் ஒரு ஜப்பானியக் கண் மருத்துவர்தான். முதியவர்களின் நோய் புதிதல்ல. 1890-ல் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன், தலையில் சிவந்த கோடுகளாகத் தமனிகள் வீங்கி, வலியால் தொப்பி வைக்க முடியாமல் போன ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். பாக்தாதின் கண் மருத்துவர் அலி இப்னு ஈசா, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொட்டுத் தமனிக்கும் பார்வை இழப்புக்கும் உள்ள தொடர்பைக் குறித்திருக்கிறார். தொப்பி வைக்க முடியவில்லை என்பதும் சும்மாடு வைத்த தலையில் சீப்பு வைக்க முடியவில்லை என்பதும் ஒரே புகார்தான். கேட்க ஆள் வேண்டும்.

முதியவர்களைப் பிடிக்கும் இன்னொரு வகை, சிறிய ரத்தக்குழாய்களின் அழற்சி. ஆன்கா வாஸ்குலைட்டிஸ் என்பார்கள். இதில் கண்ணைவிடச் சிறுநீரகமும் நுரையீரலும் ஆபத்தில் இருக்கும். மாதக்கணக்கில் விடாத சளி, மூக்கில் ரத்தப் பொருக்கு, திடீர்க் காது மந்தம், காலில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், ஒரு பாதம் மட்டும் தூக்க வராமல் தொங்குவது, இருமலில் ரத்தம். கடைசியாகச் சொன்னது தாராவியில் வந்தால் டிபி என்றுதான் யாரும் நினைப்பார்கள். எக்ஸ்ரேயில் குழிகூடத் தெரியும். சளியில் கிருமி இல்லாமலே ஏகேடி என்கிற டிபி மருந்து தொடங்கி, மாதங்கள் கழித்து, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறி எங்கள் லேபுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. யூரின் ரொட்டீன் என்பதை மெஷினில் பட்டையை விட்டு முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் பொறுமையாகப் பார்த்தால், உருக்குலைந்த சிவப்பணுக்கள் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் சிவப்பணுக்கள் உறைந்து உருளையாகிய காஸ்ட் தெரியும். சிறுநீரகத்தின் வடிகட்டியிலேயே ரத்தம் கசிகிறது என்பதற்கு அது சாட்சி. வயதானவர் ஒருவருக்கு அப்படி ஒன்றைப் பார்த்தால் நான் ரிப்போர்ட் போகும்வரை காத்திருப்பதில்லை, டாக்டருக்கு ஃபோன் போட்டுவிடுவேன். இந்த நோயில் சிறுநீரகம் வாரக்கணக்கில் அழியும். ஒரு காலத்தில் இதன் கடுமையான வகை வந்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். 1970களில் அமெரிக்காவில் ஆண்டனி ஃபாசியும் ஷெல்டன் வுல்ஃபும் ஸ்டீராய்டோடு சைக்ளோஃபாஸ்ஃபமைடு சேர்த்துக் கொடுத்து அந்த நிலையை மாற்றினார்கள். 2010-க்குப் பிறகு ரிட்டுக்ஸிமாபும் அதற்குச் சமமாக நிற்கிறது. 2020-ல் வெளியான பெக்ஸிவாஸ் ஆய்வு, ஸ்டீராய்டின் அளவை வேகமாகக் குறைத்தாலும் பலன் குறைவதில்லை, கடுமையான தொற்று குறைகிறது என்று காட்டியது. முதியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. முதல் ஆண்டில் நோயைவிடத் தொற்றே அதிகம் பேரைக் கொண்டுபோகிறது.

பெரியம்மாவிடம் திரும்புகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தொடங்கியது ஸ்டீராய்டோடு குடும்பம் நடத்துவது. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு பயம். "ஸ்டீராய்டா? சீக்கிரம் நிறுத்திடுங்க" என்று சொல்லாத வாய் இல்லை. இதே வாய்கள்தான் மூட்டுவலிக்குப் பெயர் எழுதாத பொட்டலத்தை வாங்கிச் சாப்பிடுகின்றன. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டே கலந்திருப்பது உண்டு, அளவும் தெரியாது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் அளவு தெரியும், குறைக்கும் கணக்கு தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் 15, 20 மில்லிகிராமுக்கு, ஓராண்டில் 5-க்குப் பக்கத்தில் என்பது பொதுவான வழி. நடுவில் நோய் திரும்பத் தலைகாட்டுவது சாதாரணம், அப்போது அளவு ஏறும். தானாக நிறுத்தினால் நோய் மட்டும் திரும்பாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும் என்பதால் மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

லேபில் இருப்பவள் என்ற முறையில் இரண்டு விஷயம். காலையில் பிரட்னிசலோன் போடுகிறவர்களுக்கு வெறும்வயிற்றுச் சுகர் நன்றாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாயங்காலம், எகிறும். ஃபாஸ்டிங் மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்களுக்கு நான் மதியம் வரச் சொல்வேன். மற்றது, இந்த மருந்தில் வெள்ளணுக்கள் ஏறும். அதைப் பார்த்து உடனே தொற்று என்று பதறவும் வேண்டாம். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும் என்பதால் அலட்சியமும் வேண்டாம். கால்சியம், வைட்டமின் டி, எலும்புக்கான மருந்து, கண்புரைக்கும் கண் அழுத்தத்துக்கும் பரிசோதனை எல்லாம் முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தொடங்க வேண்டியவை. பழைய டிபி உறங்கிக் கிடக்கிறதா என்றும் பார்த்தார்கள். எங்கள் பகுதியில் அதை விடக் கூடாது.

பெரியம்மாவுக்கு இப்போது சுகர் ஏறிவிட்டது, ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் தோள் இறுகுகிறது. டாக்டரம்மா இரண்டு வழி சொல்லியிருக்கிறார். ஒன்று டோசிலிசுமாப் ஊசி. 2017-ல் இந்த நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து, ஸ்டீராய்டை நிஜமாகவே குறைக்க விடும். ஆனால் விலை எங்கள் இட்லிக் கணக்குக்கு எட்டாது. அதைப் போட்டால் சிஆர்பியும் இஎஸ்ஆரும் அமுங்கிவிடும் என்பதால், என் குழாயை நம்பி நோய் அடங்கியது என்று சொல்லவும் முடியாது. இன்னொன்று வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. பலன் அவ்வளவு இல்லை, ஆனால் கைக்கு எட்டும். தினமும் போட்டுவிடாமல் வாரம் ஒரு நாள் என்பதில் வீடு முழுக்க விழிப்பாக இருக்க வேண்டும். நான் மெத்தோட்ரெக்ஸேட் பக்கம். அண்ணன் கடன் வாங்கியாவது ஊசி என்கிறான். பெரியம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, "கண்ணு நிக்குமா, அத மட்டும் கேளு" என்கிறார். அடுத்த ஓபிடியில் அதைத்தான் முதலில் கேட்கப் போகிறோம்.